எந்தத் தேதியில் வந்து சேரும்?

ஒரு மருத்துவமனை குளுக்கோஸ் பாட்டில்களுக்கு ஆர்டர் கொடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 2024 மார்ச் 4, திங்கட்கிழமை கைக்கு வந்து சேர வேண்டும். விற்பனை நிறுவனத்தின் கணிப்பொறி என்ன செய்யும்?

கணக்கைப் பின்னோக்கிப் போடும். லாரிப் பயணத்துக்கு இரண்டு வேலை நாட்கள், பெட்டிகளில் அடுக்கிக் கட்ட ஒரு நாள், ஞாயிறு விடுமுறை. நீங்களும் விரல்விட்டு எண்ணிப் பாருங்கள். லாரி வெள்ளிக்கிழமை, அதாவது மார்ச் 1 அன்று கிளம்ப வேண்டும். சரக்கு அதற்கு முந்தைய நாளே கிடங்கில் தயாராக இருக்க வேண்டும். 2024 லீப் ஆண்டு அல்லவா? ஆகவே பிப்ரவரி 29.

ஆர்டரே மார்ச் 1 அன்றுதான் வந்தால்? அப்போது கணக்கு முன்னோக்கித் திரும்பும். சனிக்கிழமை கிளம்பும் லாரி, ஞாயிற்றைத் தள்ளிவிட்டு, மார்ச் 5 செவ்வாயன்று சேரும். ஞாயிற்றை மறந்த நிரலோ மார்ச் 4 என்று சொல்லிவிடும். அதை நம்பி மருத்துவமனை கையிருப்பைக் காலி செய்தால் நோயாளிகளின் கதி?

இதைத் தடுக்கத்தான் தானியங்கிச் சோதனை. நிரலைச் சோதிக்க இன்னொரு நிரல்! போலி ஆர்டர்களை ஒவ்வொன்றாகக் கொடுத்து, வரும் தேதியைச் சரியான விடையோடு ஒப்பிடும். விடையைச் சோதனை எழுதுபவர் நாட்காட்டியைப் பார்த்துத் தாமே குறிக்க வேண்டும். அதே சூத்திரத்தால் விடையையும் கண்டுபிடித்தால் இரண்டும் சேர்ந்து தவறும். சோதனையோ 'சரி' என்றே சொல்லும்!

இன்னொரு தந்திரமும் உண்டு. 'இன்று' என்ன தேதி என்பதையும் சோதனையே சொல்லிவிடும். இல்லாவிட்டால் பிப்ரவரி 29 வர நான்கு ஆண்டுகள் காத்திருக்க வேண்டுமே!

காத்திருந்தால் என்ன ஆகும்? மைக்ரோசாஃப்ட் 2006-இல் வெளியிட்ட 'சூன்' என்ற இசைக் கருவியின் 30 ஜிகாபைட் வகை, 2008 டிசம்பர் 31 அன்று உலகெங்கும் உறைந்து நின்றது. அன்று அந்த லீப் ஆண்டின் 366-ஆவது நாள். ஆண்டைக் கணக்கிடும் நிரல் அந்த எண்ணில் சிக்கி, செக்குமாடு போல் ஒரே இடத்தில் சுற்றியது. மறுநாள் தானே தெளிந்தது! கடிகாரத்தில் அந்த ஒரு தேதியை வைத்துச் சோதித்திருந்தால் சில நொடிகளில் அகப்பட்டிருக்கும்.

இப்போது உங்களுக்கு ஒரு சோதனை. அதே பாட்டில்கள் 2100 மார்ச் 3, புதன்கிழமை சேர வேண்டும். சரக்கு எந்தத் தேதியில் கிடங்கில் தயாராக இருக்க வேண்டும்? 2100 நான்கால் வகுபடுகிறதே என்று அவசரப்படாதீர்கள், ஞாயிற்றையும் மறக்காதீர்கள்.