முதியோர் குடியிருப்பில் ‘காவல்’ நிற்கும் கண்ணாடிப் பூக்கள்!

லண்டன்—

வயதானவர்களுக்குக் கண்ணாடிக் கதவே எமனாகிவிடும்!

வெளிச்சம் வரட்டும் என்று பளபளவென்று கண்ணாடி போடுகிறார்கள். “வழி திறந்துதானே கிடக்கு” என்று நடக்கும் பாட்டி, மடார் என்று மோதி விழுகிறார். இடுப்பெலும்பு முறிந்தால் பழையபடி நடமாடுவது பலருக்குக் குதிரைக் கொம்புதான்.

இதற்கு இங்கிலாந்தின் முதியோர் குடியிருப்புகளில் ஒரு வழி செய்கிறார்கள். கண்ணாடியில் இலை, கொடி, நாணல், பறவை என்று படம் பொறிக்கிறார்கள்.

கோட்டுக்குப் பதில் கொடி

சும்மா அழகுக்காக அல்ல. பொதுக் கட்டிடங்களில் பெரிய கண்ணாடி வைத்தால், அது கண்ணில் படும்படி அடையாளம் வேண்டும் என்கிறது அங்குள்ள கட்டிட விதி. தரையிலிருந்து 85 முதல் 100 செ.மீ. உயரத்தில் ஒன்று, 140 முதல் 160 செ.மீ. உயரத்தில் இன்னொன்று. வெறும் பட்டைக் கோடு போட்டாலே போதும். அந்த இடத்தில்தான் கொடி ஓடுகிறது!

படம் வெட்டிய தாளை ஒட்டி, காற்று வேகத்தில் மணலைப் பீய்ச்சி அடிப்பது ஒரு முறை. மணல் பட்ட இடம் பனி படர்ந்ததுபோல் மங்கும். வண்ணம் பூசி 600 டிகிரிக்கு மேல் சூளையில் சுடுவது இன்னொரு முறை. தேய்த்தாலும் போகாது.

மாடிக்கு ஒரு மரம்

எல்லா மாடியும் ஒரே மாதிரி இருந்தால் ஞாபக மறதிக்காரர்கள் திண்டாடிப் போவார்கள். மாடிக்கு ஒரு மரப் படம் இருந்தால், எண் மறந்தாலும் “நம்ம வீடு ஓக் மரத்து மாடி” என்று கண்டுகொள்ளலாம்.

இருட்டியதும் ஜன்னல் கண்ணாடியில் தன் உருவமே தெரியும். “யாரோ நிக்கிறாங்க” என்று மிரளும் முதியவர்கள் உண்டு. படம் இருந்தால் அந்த உருவம் முழுசாகத் தெரியாது.

நிஜ மரம் இருந்தால்?

ஜன்னலுக்கு வெளியே மரம் இருந்தால் மறைக்கக் கூடாது. அமெரிக்காவில் பித்தப்பை ஆபரேஷன் ஆனவர்களை ஆராய்ந்த ரோஜர் உல்ரிக், 1984-ல் முடிவை வெளியிட்டார். ஜன்னல் வழியே மரம் பார்த்த 23 பேர், செங்கல் சுவர் பார்த்த 23 பேரைவிடச் சீக்கிரம் வீடு திரும்பினார்கள்.

படமே வில்லன்!

20 வயதில் கண்ணுக்குள் போகும் வெளிச்சத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான் 60 வயதில் போகிறது. கண் வில்லை மஞ்சளாவதால் நீலமும் பச்சையும் குழம்பும். வெளிர் பச்சை இலை போட்டால் யாருக்கும் தெரியாது. கரு நிறக் கண்ணாடியின் நிழல் தரையில் விழுந்தால், பள்ளம் என்று நினைத்துத் தடுமாறுவார்கள்.

கண்ணாடியைப் பொருத்துமுன், அங்கே குடியிருக்கும் 80 வயதுப் பாட்டியிடம் மாதிரியைக் காட்டி, “என்ன தெரியுது?” என்று கேட்டுவிடுவது நல்லது!