போதும்பொண்ணு

இந்தப் பேரை வாசித்ததும் சிரிப்பு வருகிறதா? எங்க அத்தை பேரே இதுதான். கொஞ்சம் விளக்கம் சொல்றேன், கேளுங்க.

வரிசையாகப் பெண்ணாகவே பிறந்த வீட்டில், 'அடுத்தது ஆணாகட்டும்' என்று கடவுளுக்குப் போடும் மனுதான் இந்தப் பேர். வேண்டாம், போதுமணி எல்லாம் இதே ரகம். கொஞ்சம் நாசூக்கான வீடுகளில் மங்களம், சம்பூர்ணம் என்று வைத்ததும் உண்டு. கச்சேரி முடிவில் மங்களம் பாடுவார்களே, அதுபோலப் பெண் வரிசையும் முடியணுமாம்! (எல்லா மங்களமும் அப்படி வந்ததல்ல.)

கெஜட்டில் கொடுத்துப் பேரை மாத்திக்கலாமே என்றேன் அத்தையிடம். "ரேஷன் கார்டு, பேங்க் புக்கு எல்லாத்திலயும் இதான்டா. வச்சவங்கதான் வெட்கப்படணும், நான் ஏன் மாத்தணும்?" என்றார்.

மராட்டியத்தில் 'நகுசா' என்று வைப்பார்கள். வேண்டாதவள் என்று பொருள். 2011-இல் சாத்தாரா மாவட்டத்தில் விழா நடத்தி, 280-க்கும் மேற்பட்ட நகுசாக்களுக்குப் புதுப் பேர் சூட்டினார்கள்.

நம்ம பக்கம் இந்தப் பேர் இப்போ அருகிவிட்டது. அதற்காகக் கைதட்ட எனக்கு மனசு வரலை. இரண்டு பிள்ளைகளோடு நிறுத்திக்கொள்வது ஒரு காரணம், சரி. ஸ்கேன் வந்தது இன்னொன்று. கருவிலேயே பெண் என்று பார்த்துச் சொல்வதைத் தடுக்க 1994-இல் சட்டமே போட வேண்டியிருந்ததே!