நாசியிலே குடியேறும் புழுவும் மூட்டம் போடும் சரீரமும்

ஆக்லாந்து நகரின் விளிம்பிலே, குமேயு பக்கத்துக் கொட்டிலொன்றில் தம் மகள் சவாரி பழகும் குதிரை ஓயாமல் தும்முகிறதென்றும், குதிரையின் மூக்கில் ஈ புழுவை விட்டுச் செல்லும் என்று படித்ததால் அச்சமாயிருக்கிறதென்றும், 'எதிர்ப்புச் சக்தியைப் பெருக்கும்' என்ற விளம்பரத்தோடு விற்கப்படும் சூரணத்தைத் தீவனத்தில் கலந்து கொடுக்கலாமா என்றும் ஒரு வாசகி கேட்டிருக்கிறார்.

முதலில் அவருடைய அச்சத்தைப் போக்கிவிடுகிறேன். குதிரையின் நாசியில் வளரும் ரைனோஈஸ்ட்ரஸ் என்னும் ஈயினம் ஐரோப்பா, ஆசியா, ஆப்பிரிக்கா ஆகிய கண்டங்களுக்கு உரியது. நியூசிலாந்தில் அது குடியேறவில்லை. அந்நாட்டுக் குதிரைகளை வருத்துவது அதற்கு உறவான காஸ்டெரோஃபிலஸ். அந்த ஈ முன்னங்கால் மயிரில் ஒட்டிச் செல்லும் மஞ்சள் நிற முட்டைகளைக் குதிரை நக்க, வெளிப்படும் புழு வாய்வழியே இரைப்பையை அடைந்து மாதக்கணக்கில் அங்கே பற்றிக்கொண்டிருக்கும். ஆனால் நாசியையே வீடாகக் கொண்ட புழு ஒன்று நியூசிலாந்தில் உண்டு. அது செம்மறியாட்டின் மூக்கில் வாழும் ஈஸ்ட்ரஸ் ஓவிஸ். நம் நாட்டு ஆடுகளுக்கும் அது அந்நியமன்று.

இந்த ஈக்கள் நியூசிலாந்துக்குப் போய்ச் சேர்ந்த வரலாறு சுருக்கமானது. வௌவால்களைத் தவிர நிலத்தில் வாழும் பாலூட்டிகள் இல்லாதிருந்த தீவுகள் அவை. 1773-இல் கேப்டன் குக் கரையில் விட்ட ஆடுகள் விரைவிலேயே மாண்டன; 1814-இல் சாமுவேல் மார்ஸ்டன் பாதிரியார் குதிரைகளைக் கொண்டுவந்தார்; 1982-இல் ஆடுகளின் தொகை ஏறத்தாழ 7 கோடியாயிற்று. கால்நடைகள் வந்த வழியே அவற்றின் ஒட்டுண்ணிகளும் வந்தன.

ஆட்டின் நாசியைத் தேடும் ஈஸ்ட்ரஸ் ஓவிஸ் ஈ முட்டையிடுவதில்லை. வயிற்றிலேயே பொரித்த, ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள புழுக்களை, பறந்துகொண்டே ஒரு துளி திரவத்தோடு ஆட்டின் மூக்குத் துவாரத்தில் பீய்ச்சிவிட்டுப் போய்விடும். உண்பதற்குரிய வாயுறுப்பு அந்த ஈக்கு இல்லை. வாழ்நாளுக்கு வேண்டிய உணவு முழுவதையும் புழுப் பருவத்திலேயே ஆட்டின் நாசியில் தின்று சேர்த்தாக வேண்டும். அதற்காகப் புழு சுரக்கும் நொதிகள் சளியின் புரதங்களைக் கரைக்கின்றன. காவலுக்கு வரும் எதிர்ப்பொருள்களையும் சிதைக்கின்றன. இரண்டாம் மூன்றாம் பருவங்களை நெற்றியெலும்பின் குழிகளில் கழித்து, 2 முதல் 3 சென்டிமீட்டர் வரை வளர்ந்தபின், தும்மலோடு வெளியேறி மண்ணில் கூட்டுப்புழுவாகிறது.

இத்தகைய விருந்தாளியை ஆட்டின் சரீரம் எதிர்கொள்ளும் முறைதான் இவ்விஷயத்தில் என் மனத்தைக் கொள்ளைகொண்ட பகுதி. கிருமியை விழுங்கும் வெள்ளணு இவ்வளவு பெரிய பிராணியை விழுங்க இயலாது. ஆகவே, வயல் வரப்பில் எலி வளைக்கு மூட்டம் போடுபவர்கள் பானையில் வைக்கோலைப் புகைத்து வளைக்குள் ஊதுவதுபோல, சரீரமும் புகை போடுகிறது. ஆனால் தன் சொந்த வீட்டுக்குள்ளேயே போடுகிறது. சளிச்சவ்விலுள்ள மாஸ்ட் செல்கள் ஹிஸ்டமினைக் கொட்டி நெருப்பை மூட்ட, ஈசினோஃபில் என்னும் அணுக்கள் திரண்டு வந்து நச்சுப் புரதங்களைப் புகையாய் உமிழ, எலியோடு வீட்டாரும் இருமித் தவிக்கிறார்கள். ஆட்டின் ஓயாத் தும்மலும் மூக்கொழுக்கும் மூச்சுத் திணறலும் பெரும்பாலும் இந்தப் புகையின் விளைவுகளே. அந்தக் களேபரத்தில் களஞ்சியத்தின் சுவரும் விரிசல் விட, சிந்திய நெல்லை எலியே தின்கிறது. அதாவது, அழற்சியால் இரத்தக் குழாய்களிலிருந்து கசியும் புரதங்கள் வளர்ந்த புழுவுக்கு நல்லுணவாகிவிடுகின்றன. இருந்தும் மூட்டம் வீண்போவதில்லை. நாசியில் ஊறும் ஐ.ஜி.ஏ. என்னும் எதிர்ப்பொருள் மிகுந்த ஆடுகளில் புழுக்கள் குன்றி நிற்கின்றன. உள்ளே புகுந்த இளம்புழுக்களில் மிகச் சிலவே முதிர்ச்சி எய்துகின்றன.

இதனினும் வியப்பு, வாசலில் போட்ட மூட்டம் கொல்லைப்புறத்துக் குதிரிலிருக்கும் வண்டையும் தாக்குவது. நாசிப்புழு உள்ள ஆடுகளின் வயிற்றில் இரத்தம் குடிக்கும் ஹீமாங்கஸ் புழுக்கள் குறைவான முட்டைகளே இடுவதைப் பிரான்சின் துலூஸ் நகரத்துக் கால்நடை ஆய்வாளர்கள் கண்டார்கள். மூக்கைக் காக்க எழுந்த ஈசினோஃபில்கள் இரத்தத்தில் பெருகி உடலெங்கும் செல்வதே அதற்குக் காரணமாகக் கருதப்படுகிறது.

இத்தனை நுட்பமான ஏற்பாட்டை 'எதிர்ப்புச் சக்தி' என்ற ஒரே சொல்லில் அடைத்து, அதைப் பெருக்குவதாகச் சொல்லிச் சூரணம் விற்பது நேர்மையான காரியமன்று. சரீரத்தின் தற்காப்பு கூடினால் நன்மை, குறைந்தால் தீமை என்னும் ஒற்றைப் பொருளன்று; அழற்சியில் தவிக்கும் நாசிக்கு வேண்டியது மேலும் அழற்சியன்று. நாசிப்புழுவுக்குத் தடுப்பூசி என்று சந்தையில் எதுவும் இல்லை. இப்புழுக்களை உண்மையாகவே கொல்லும் மருந்து ஐவர்மெக்டின். 1981-இல் விற்பனைக்கு வந்து, அதைக் கண்ட ஓமுரா, கேம்பெல் இருவருக்கும் 2015-இல் நோபல் பரிசு பெற்றுத் தந்தது. அந்த நல்ல மருந்தைக்கூடக் கொரோனாவுக்குச் சர்வரோக நிவாரணி என்று பிரசாரம் செய்தவர்கள் இருந்தார்கள். 2021-இல் நியூசிலாந்தின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான மெட்சேஃப் மக்களை எச்சரிக்க நேர்ந்தது. இம்மருந்தைக் கால்நடைகளுக்குக் கணக்கின்றிக் கொடுத்ததன் விளைவாக, நியூசிலாந்து ஆடுகளின் குடற்புழுக்களில் பல இன்று அதற்குப் பணிவதில்லை.

ஆகவே வாசகி அவர்கள் சூரணத்தில் பணத்தைச் செலவிட வேண்டாம். குதிரையின் தும்மலுக்குத் தூசி படிந்த வைக்கோல் முதல் தொற்றுநோய் வரை பல காரணங்கள் இருக்கக்கூடும். கால்நடை மருத்துவரை அழைத்துக் காட்டுங்கள். கோடையில் முன்னங்காலில் மஞ்சள் முட்டைகள் தென்பட்டால் அன்றன்றே சுரண்டி எடுங்கள். புழு மருந்தை, மருத்துவர் சொன்ன பருவத்தில், சொன்ன அளவில் மட்டும் கொடுங்கள்.