முப்பது நாள் அறிவிப்பு: சாதி மறுப்புத் திருமணத்தில் அரசும் பண்பாடும் குடும்பமும்

சாதி மறுப்பு மணம் புரிந்த இணையர் தாக்கப்படும்போதும் கொல்லப்படும்போதும் 'குடும்பத்தாரின் ஆத்திரம்' என்னும் விளக்கமே முதலில் நம் முன் வைக்கப்படுகிறது. பெற்ற மனம் பொறுக்கவில்லை, ஊராரின் ஏச்சைத் தாங்க முடியவில்லை என்று சொல்லிச் சொல்லியே குற்றம் ஒரு வீட்டின் சுவர்களுக்குள் அடக்கப்பட்டுவிடுகிறது. அவ்வீட்டுக்கு வெளியே இருக்கும் பதிவு அலுவலகமும் காவல் நிலையமும் இதில் தொடர்பற்றவை போலத் தோன்றுகின்றன.

இத்தோற்றம் பொய்யானது. யாரை மணப்பது என்னும் முடிவை வயதுவந்த ஒருவரிடமிருந்து பறிப்பதில் அரசு, பண்பாடு, குடும்பம் ஆகிய மூன்றும் தனித்தனியே இயங்குவதில்லை. ஒன்று விட்ட இடத்தில் மற்றொன்று தொடர்கிறது. பிள்ளையைத் தேடிக் கண்டுபிடித்து மீட்டுச் செல்வதற்கு வேண்டிய காலத்தையும் தகவலையும் பல நேரங்களில் அரசின் நடைமுறைகளே குடும்பத்துக்கு வழங்குகின்றன. அது எவ்வாறு நிகழ்கிறது என்பதைப் படிப்படியாகப் பார்ப்போம்.

அகமணம் என்னும் வேலி

1916-இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வாசித்த 'இந்தியாவில் சாதிகள்' என்னும் ஆய்வுரையில், சாதியின் சாரம் அகமணமுறையே என்று அண்ணல் அம்பேத்கர் நிறுவினார். ஒரு குழு தனக்குள்ளேயே மணம் முடித்துக்கொள்ள வேண்டுமானால், அக்குழுவின் பெண்களைக் கட்டுப்படுத்தியாக வேண்டும். உடன்கட்டை ஏற்றுதல், கைம்பெண் மறுமணத் தடை, குழந்தை மணம் ஆகியவை அக்கட்டுப்பாட்டின் கருவிகளாகவே தோன்றின என்பது அவரது விளக்கம். இருபது ஆண்டுகளுக்குப் பிறகு, 1936-இல் வெளியிட்ட 'சாதி ஒழிப்பு' நூலில், சாதியைத் தகர்க்கும் உண்மையான மருந்து கலப்பு மணமே என்றார்.

அவர் விளக்கிய அமைப்பு இன்று குடும்பத்தின் எதிர்பார்ப்பு என்னும் மென்மையான பெயரில் வாழ்கிறது. 'உன்னால் தங்கைக்கு வரன் அமையாது', 'நம் வீட்டு விசேஷத்துக்கு ஒருவரும் வர மாட்டார்கள்' போன்ற சொற்களை வெறும் உணர்ச்சி மிரட்டலாக மட்டும் நாம் கருதக் கூடாது. அவற்றின் பின்னால் பொருளியல் இருக்கிறது. நிலம், சீர்வரிசை, கைமாற்றுக் கடன், வேலைக்கான பரிந்துரை, தேர்தலில் நிற்பதற்கான ஆள்பலம் ஆகிய அனைத்தும் சாதிக்குள் முடியும் மண உறவுகளின் வழியாகவே கைமாறுகின்றன. வேலியைத் தாண்டும் ஒருவர் அந்தப் பரிமாற்றத்தை அறுக்கிறார். இந்திய மனித மேம்பாட்டு ஆய்வின் 2011–12-ஆம் ஆண்டுத் தரவுகளின்படி, நாட்டில் சாதி கடந்து நடந்த திருமணங்கள் ஏறத்தாழ 5 விழுக்காடு மட்டுமே.

தண்டனையின் கடுமையும் ஒரே அளவில் இருப்பதில்லை. ஆதிக்கச் சாதிப் பெண் தலித் ஆணை மணக்கும்போதுதான் கொலைவெறி உச்சத்தை அடைகிறது. பெண்ணின் உடலே சாதியின் எல்லைக்கல்லாக நடப்பட்டிருப்பது இதற்குக் காரணம். ஆதிக்கச் சாதி ஆண் தலித் பெண்ணை மணக்கும்போது வன்முறை வேறு உருவெடுக்கிறது. திருமணத்தைப் பதிவு செய்ய மறுத்தல், வீட்டுக்குள் சேர்க்காமல் ஒதுக்குதல், பிள்ளை பிறந்த பின்னும் கைவிடுதல் எனச் செய்தியாகாத கொடுமைகளாக அது தொடர்கிறது.

சட்டம் நடந்து வந்த பாதை

பண்பாட்டை எதிர்த்து நிற்கும் ஆற்றலாகவே சட்டத்தை நாம் பெரும்பாலும் எண்ணுகிறோம். வரலாறு அவ்வளவு நேர்க்கோடாக இல்லை. 1872-ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டத்தின்கீழ் மணம் செய்துகொள்ள விரும்பியவர்கள், தாம் எந்த மதத்தையும் பின்பற்றவில்லை என்று அறிவிக்க வேண்டியிருந்தது. 1923-இல் வந்த திருத்தமே இந்து, பௌத்தர், சீக்கியர், சமணர் ஆகியோர் மதத்தைத் துறக்காமல் தமக்குள் மணம் புரிய வழி செய்தது. சாதி வேறுபாட்டைக் காரணம் காட்டி ஓர் இந்துத் திருமணத்தைச் செல்லாது எனக் கூற முடியாது என்று நாடு முழுமைக்கும் உறுதி செய்ய 1949 வரை, அதாவது விடுதலைக்குப் பின்னரும் இரண்டு ஆண்டுகள், காத்திருக்க நேர்ந்தது.

1954-இல் இயற்றப்பட்ட இன்றைய சிறப்புத் திருமணச் சட்டம் ஒரு பெரிய முன்னேற்றம். ஆயினும் அதன் 19-ஆம் பிரிவு, கூட்டுக் குடும்பத்தைச் சேர்ந்த இந்து ஒருவர் இச்சட்டத்தின்படி மணந்தால் அவர் அக்குடும்பத்திலிருந்து பிரிந்தவராகவே கருதப்படுவார் என்றது. ஊர்ப் பஞ்சாயத்து விதிக்கும் ஒதுக்கி வைத்தலுக்கும் இதற்கும் இடையே தொலைவு அதிகமில்லை. இருவரும் இந்துக்களாக இருந்தால் இப்பிரிவு பொருந்தாது என்ற திருத்தம் 1976-இல்தான் வந்தது.

தமிழ்நாடு இதில் தனிவழி கண்டது. பெரியாரின் சுயமரியாதைத் திருமணங்களுக்கு, அண்ணா தலைமையிலான அரசு 1967-இல் இந்துத் திருமணச் சட்டத்தில் 7-அ பிரிவைச் சேர்த்துச் சட்ட ஏற்பு அளித்தது. புரோகிதரும் சடங்கும் வேண்டியதில்லை. உறவினர், நண்பர் அல்லது பிறர் முன்னிலையில் மாலையோ மோதிரமோ மாற்றிக்கொண்டால் போதும். இத்தகைய திருமணத்துக்கு ஊரறிந்த விழா தேவையில்லை என்பதை 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமும் தெளிவுபடுத்தியது. ஒளிந்து வாழும் இணையருக்கு இத்தீர்ப்பு உயிர் காக்கும் அரண்.

ஆனால் 7-அ பிரிவு, இருவரும் இந்துக்களாக இருந்தால் மட்டுமே பொருந்தும்.

முப்பது நாளில் நடப்பது

இங்கேதான் தலித் கிறித்தவர்களின் நிலையை நாம் தனியே நோக்க வேண்டும். தலித் கிறித்தவர் ஒருவரும் சாதி இந்து ஒருவரும், இருவருள் எவரும் மதம் மாறாமல் பதிவுத் திருமணம் செய்துகொள்ள விரும்பினால், அவர்களுக்கு உள்ள முக்கிய வழி 1954-ஆம் ஆண்டின் சட்டம். அதன் நடைமுறை பின்வருமாறு அமைகிறது.

இருவரில் ஒருவரேனும் முப்பது நாள் வசித்த மாவட்டத்தின் திருமண அலுவலரிடம் அறிவிப்புக் கொடுக்க வேண்டும். அலுவலர் அதைப் பதிவேட்டில் எழுதி, யாவரும் காணும்படி அலுவலகத்தில் ஒட்ட வேண்டும். இணையர் வேறு மாவட்டத்தில் நிலையாக வசிப்பவர்கள் என்றால், அறிவிப்பின் நகல் அந்த மாவட்டத்து அலுவலருக்கும் அனுப்பப்பட்டு அங்கும் ஒட்டப்படும். முப்பது நாளுக்குள் எவரும் ஆட்சேபணை தெரிவிக்கலாம்.

ஊரைவிட்டுத் தப்பி வந்த இருவரின் பெயரும் முகவரியும், அவர்கள் யாரிடமிருந்து தப்பி வந்தார்களோ அவர்களது மாவட்டத்துக்கே அரசின் கையாலேயே அனுப்பப்படுகின்றன என்பதே இதன் பொருள். பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்று சட்டத்தில் ஓர் எழுத்தும் இல்லை. ஆணுக்கு 21, பெண்ணுக்கு 18 வயது நிரம்பியிருத்தல், ஏற்கெனவே மணவாழ்வில் இல்லாதிருத்தல் போன்ற நிபந்தனைகளே உள்ளன. சட்டம் கேட்காத ஒப்புதலை அதன் நடைமுறை மறைமுகமாகக் கேட்கிறது. 2021 ஜனவரியில் அலகாபாத் உயர் நீதிமன்றம், இணையர் விரும்பினாலன்றி அறிவிப்பை வெளியிட வேண்டியதில்லை என்று தீர்ப்பளித்தது. ஆயினும் சட்டத்தின் வாசகம் மாறவில்லை.

தலித் கிறித்தவர்களுக்கு இழப்பு இத்துடன் முடிவதில்லை. 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை கிறித்தவர்களைப் பட்டியல் சாதியினராக ஏற்காததால், வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பும் அவர்களுக்குக் கிடைப்பதில்லை. கொல்ல வருபவர் சாதியைப் பார்த்து வருகிறார். சட்டமோ மதத்தைப் பார்த்து விலகிக்கொள்கிறது.

காவல் நிலையம் யாருடைய முற்றம்?

வயதுவந்த பெண் தன் விருப்பப்படி வீட்டைவிட்டு வெளியேறினால், 'பெண்ணைக் காணவில்லை' என்றோ 'கடத்திவிட்டார்கள்' என்றோ புகார் பதிவாகிறது. பெண்ணின் வாக்குமூலத்தைப் பதிந்து, அவர் விரும்பும் இடத்துக்கு அனுப்புவதே காவல்துறையின் கடமை. நடைமுறையில் இரு குடும்பத்தாரும் வரவழைக்கப்பட்டு 'சமரசம்' பேசப்படுகிறது. அழும் தாயின் முன்னால் நிறுத்தப்பட்டு முடிவெடுக்கச் சொல்லப்படும் பெண்ணின் நிலையைச் சுதந்திரமான விருப்பம் என்று எவ்வாறு கூறுவது? திருமணம் குறித்து வயதுவந்த இருவர் எடுக்கும் முடிவுக்குக் குடும்பத்தின் ஒப்புதலோ சமூகத்தின் ஒப்புதலோ தேவையில்லை என்று உச்ச நீதிமன்றம் 2021 பிப்ரவரியில் கூறி, இத்தகைய வழக்குகளைக் கையாளக் காவலர்களுக்குப் பயிற்சி அளிக்கவும் வலியுறுத்தியது.

தருமபுரியை நாம் மறக்க இயலாது. இளவரசனின் திருமணத்தையும் பெண்ணின் தந்தை இறந்ததையும் தொடர்ந்து, 2012 நவம்பர் 7 அன்று நத்தம், அண்ணா நகர், கொண்டாம்பட்டி ஆகிய தலித் குடியிருப்புகளில் 250-க்கும் மேற்பட்ட வீடுகள் சூறையாடப்பட்டு எரிக்கப்பட்டன. அடுத்த ஆண்டு பெண்ணின் தாய் தாக்கல் செய்த ஆட்கொணர்வு மனு உயர் நீதிமன்றத்தில் நடந்தது. எதேச்சாதிகாரக் கைதுகளிலிருந்து குடிமக்களைக் காக்கவே பிறந்த மனு அது. 2013 ஜூனில், தாயுடன் செல்வதாக அப்பெண் நீதிமன்றத்தில் தெரிவித்தார். ஜூலை 4 அன்று இளவரசனின் உடல் ரயில் பாதையருகே கிடந்தது.

கண்ணகி–முருகேசன் வழக்கு இன்னும் வெளிப்படையானது. விருத்தாசலம் அருகே, வன்னியர் சமூகத்தைச் சேர்ந்த கண்ணகியும் தலித் பொறியியல் பட்டதாரியான முருகேசனும் 2003 மே மாதம் கடலூரில் இரகசியமாகப் பதிவுத் திருமணம் செய்துகொண்டனர். ஜூலை 8 அன்று இருவரும் நஞ்சூட்டிக் கொல்லப்பட்டு எரிக்கப்பட்டனர். உள்ளூர்க் காவல்துறையோ, தலித் தரப்பினரையும் குற்றவாளிகளாகச் சேர்த்து வழக்கைத் திரித்தது. மத்தியப் புலனாய்வுத் துறை விசாரித்த பிறகு, 2021 செப்டம்பரில் கடலூர் நீதிமன்றம் 13 பேரைக் குற்றவாளிகள் என அறிவித்தது. அவர்களில் இருவர் காவல்துறை அதிகாரிகள். 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமும் மேல்முறையீடுகளைத் தள்ளுபடி செய்தது. குடும்பம் கொன்றது, காவல் நிலையம் அதை மறைத்தது, நீதி வந்துசேர ஏறத்தாழ இருபத்திரண்டு ஆண்டுகள் ஆயின.

தீர்ப்புகளும் இடைவெளிகளும்

வழிகாட்டுதல்களுக்குக் குறைவில்லை. சாதி மறுப்பு இணையரைக் காக்க மாவட்டந்தோறும் சிறப்புப் பிரிவு அமைக்க 2016 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. 2018 மார்ச் 27 அன்று சக்தி வாகினி வழக்கில் உச்ச நீதிமன்றம் பாதுகாப்பு இல்லங்கள், 24 மணி நேர உதவி எண், விரைவு விசாரணை, கடமை தவறும் அதிகாரிகள் மீது துறை நடவடிக்கை என விரிவான ஏற்பாடுகளை வகுத்தது. இவை நாடாளுமன்றம் சட்டம் இயற்றும்வரைக்குமான ஏற்பாடுகள். தனிச்சட்டம் வேண்டும் என்று சட்ட ஆணையம் தன் 242-ஆவது அறிக்கையில் 2012-லேயே பரிந்துரைத்துவிட்டது.

இருக்கும் சட்டங்கள் போதும் என்போர் ஓர் இடைவெளியைக் கவனிப்பதில்லை. தலித் ஆண் கொல்லப்பட்டால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பொருந்தும். அவரை மணந்த குற்றத்துக்காக ஆதிக்கச் சாதிப் பெண் தன் வீட்டாராலேயே கொல்லப்பட்டால், அது சாதாரணக் கொலை வழக்காகவே பதியப்படும். பட்டியல் சாதிகளுக்குள் ஒரு பிரிவினர் மற்றொரு பிரிவினரைத் தாக்கினாலும் அச்சட்டம் உதவாது. சாட்சிகளே கொலையாளியின் உறவினராக இருப்பதால் பிறழ்சாட்சியமும் இவ்வழக்குகளில் எளிதாகிறது.

2025 ஜூலையில் நெல்லையில் கவின் கொல்லப்பட்ட பின் எழுந்த போராட்டங்களின் தொடர்ச்சியாக, ஓய்வுபெற்ற நீதிபதி கே.என்.பாஷா தலைமையில் ஆணையம் அமைக்கப்படும் எனத் தமிழ்நாடு முதலமைச்சர் அந்த ஆண்டு அக்டோபரில் அறிவித்தார். இனி கேட்கப்பட வேண்டிய கேள்வி, சட்டம் வருமா என்பது மட்டுமன்று. வரும் சட்டம் கொலைக்குப் பிறகு தண்டிக்க மட்டும் முனையுமா, அல்லது பதிவு அலுவலகத்திலும் காவல் நிலையத்திலும் நுழைந்து நடைமுறையை மாற்றுமா என்பதும் ஆகும்.

நம் வீடுகளும் விலக்கல்ல

அகமணத்தின் வேலி ஆதிக்கச் சாதியினரின் வீடுகளைச் சுற்றி மட்டும் இல்லை. பட்டியல் சாதிகளின் உட்பிரிவுகளுக்கு இடையேயும் பெண் கொடுத்துப் பெண் எடுப்பதில் தயக்கமும் மறுப்பும் நிலவுகின்றன. அருந்ததியர் குடும்பத்துடன் மண உறவு என்றதும் மேடைப் பேச்சுகள் வீட்டு வாசலில் நின்றுவிடுவதை நாம் அறிவோம். மகளின் கல்வியில் பெருமிதம் கொள்ளும் இயக்கக் குடும்பங்கள், அவளது இணையரைத் தாமே தேர்ந்தெடுக்க முனைவதும் உண்டு. இதைப் பேசுவதால் ஒடுக்குவோரின் குற்றம் குறைந்துவிடாது. பேசாவிட்டால் அண்ணலின் பகுப்பாய்வை நாம் பாதியிலேயே நிறுத்தியவர்களாவோம்.

நாம் வலியுறுத்த வேண்டியவை

சிறப்புத் திருமணச் சட்டத்தின் அறிவிப்பு, ஆட்சேபணைப் பிரிவுகள் நீக்கப்பட வேண்டும். திருமணப் பதிவுக்குப் பெற்றோரின் வருகையையோ ஆவணங்களையோ அலுவலர்கள் கேட்பது தண்டனைக்குரியதாக வேண்டும். வயதுவந்தோர் திருமணத்தில் காவல் நிலையச் சமரசம் தடை செய்யப்பட வேண்டும்; வாக்குமூலம் குடும்பத்தார் இல்லாத இடத்தில் பெறப்பட வேண்டும். மாவட்டச் சிறப்புப் பிரிவின் தொடர்பு எண் ஒவ்வொரு கல்லூரியிலும் ஒட்டப்பட வேண்டும். தலித் கிறித்தவர்களுக்கும், சாதி மறுப்பு மணம் புரிந்த ஆதிக்கச் சாதிப் பெண்களுக்கும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துக்கு இணையான பாதுகாப்பு வேண்டும்.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான திட்டத்தின்கீழ், சாதி மறுப்பு மணம் புரிந்தோருக்குத் தமிழ்நாடு அரசு தங்க நாணயமும் நிதியுதவியும் வழங்குகிறது. அதை நாம் வரவேற்கிறோம். ஆனால் அவ்வுதவியைப் பெற அவர்கள் உயிரோடு இருக்க வேண்டும். அந்த முப்பது நாளில் அவர்களைக் காப்பதே அரசின் முதல் உதவி.