சுண்ணக்கல்லும் தூண் அத்திவாரமும்

யாழ்ப்பாணக் குடாநாடு மயோசீன் காலத்துச் சுண்ணக்கற் பாறைமீது அமைந்தது. நிலத்துட் புகும் மழைநீர் இக்கல்லைச் சிறிது சிறிதாகக் கரைத்துக் குகைகளை ஆக்கும். அத்தகைய குகையின் கூரை இடிந்தே நிலாவரைக் கிணறு தோன்றியது என்பர். ஆகவே, பாறையை எட்டிய தூண் உறுதியானது என்னும் பொதுவிதி ஈண்டு முற்றும் பொருந்தாது.

நிலத்துள் வார்த்த கொங்கிறீற்றுத் தூணைச் சோதிப்போர், அதன் தலையிற் சிறு சுத்தியலால் தட்டுவர். எழும் அலை அடிவரை சென்று மீளும். அதன் வேகம் செக்கனுக்கு ஏறத்தாழ 4000 மீற்றர். எனவே 10 மீற்றர் நீளமான தூணில் அது 5 மில்லிசெக்கனில் மீளும். அதற்கு முன்னரே எதிரொலி எழுமாயின், இடையில் வெடிப்போ ஒடுக்கமோ உண்டெனக் கொள்ளலாம்.

தூண் தாங்கும் சுமையை அறிய வேண்டின், பாரமான சம்மட்டியால் அடித்து, விகாரத்தையும் ஆர்முடுகலையும் அளந்து, கணினியாற் கணிப்பர். இதற்கு அடிப்படையான அலைச்சமன்பாட்டு முறையை ஸ்மித் என்பார் 1960இல் விரித்துரைத்தார். அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் 1964இல் தொடங்கிய ஆய்வு, களத்திலேயே அளந்து கணிக்கும் வழியை வகுத்தது.

எனினும், எதிரொலி தூணின் நிலையையே உரைக்கும். அடிக்குக் கீழுள்ள குகையைத் தெளிவாக உரைக்காது. குகையின் மெல்லிய கூரை கணநேர அடியைத் தாங்கியும் நெடுநாட் சுமைக்கு இடிதல் கூடும். ஆதலின், தூணின் அடிமட்டத்துக்கு அப்பாலும் துளையிட்டுப் பாறையை ஆராய்தல் முதற்கடன். கணினிச் சோதனை அதற்கு அடுத்ததே. குகை பின்னர் வெளிப்படினும், வார்த்த தூணைப் பெயர்த்தல் அரிதன்றோ!