மயக்கத்தில் கிடக்கும் உடல்: பிராணவாயு, சிறுநீரகம், பாக்கி

அறுவை மேஜையில் கிடத்திய உடலை நவீன மருத்துவம் பேசாத உடலாக்கித்தான் வாசிக்கிறது. 1846 அக்டோபரில் பாஸ்டனில் ஈதர் கொடுத்து, வலியில்லாமல் கழுத்துக் கட்டியை அறுத்துக் காட்டிய நாளிலிருந்து இப்படித்தான். வலி போனது பெரிய விடுதலை, அதில் சந்தேகமில்லை. ஆனால் நினைவு தப்பிய பிறகும் உடம்பு சும்மா கிடப்பதில்லை. செல்லுக்குள் ஒரு கலவரம் நடக்கிறது. அதில் மயக்க மருந்துகளுக்குப் பங்கு உண்டு. அதைப் புரிந்துகொள்ள நாமக்கல் மாவட்டத்துப் பள்ளிப்பாளையம் வரை போக வேண்டியிருக்கிறது.

நாம் இழுக்கும் பிராணவாயு மைட்டோகாண்ட்ரியாவில் சக்தியாக மாறும்போது, அதில் ஒரு சிறு பகுதி அரைகுறையாக வினைபட்டு, எதையாவது பிடுங்கித் தின்னத் துடிக்கும் மூலக்கூறுகளாகிவிடுகிறது. கொழுப்புச் சவ்வு, புரதம், மரபணு எதையும் இவை விடுவதில்லை. இவற்றை அடக்க குளூட்டாதயோன், வைட்டமின் ஈ, சில நொதிகள் என்று உடம்பில் காவல் இருக்கிறது. காவலை மீறிக் கலவரம் மிஞ்சினால் அதுதான் ஆக்சிஜனேற்ற அழுத்தம். திசுவை அறுப்பதும், அதையொட்டி வரும் அழற்சியும் இதைக் கூட்டும்.

சிறுநீரக மாற்றில் இது உச்சத்துக்குப் போகிறது. ரத்தம் நிறுத்தப்பட்ட சிறுநீரகத்தில் சக்தி மூலக்கூறுகள் சிதைந்து கழிவு தேங்குகிறது. பெறுபவரின் குழாயோடு இணைத்துக் கவ்வியை எடுத்ததும் ரத்தம் பாய்கிறது. உயிர் கொடுக்கிற அதே ரத்தம் கொண்டுவரும் பிராணவாயுதான் தேங்கியதோடு சேர்ந்து நாச மூலக்கூறுகளைக் கிளப்பிவிடுகிறது. பஞ்சத்தில் தப்பியது, பஞ்சம் தீரும்போது அடிபடுகிறது.

மருந்துகள் இங்கே வெவ்வேறு வேலை செய்கின்றன. 1986இல் பிரிட்டனில் சந்தைக்கு வந்த புரோப்போஃபால் ஒரு பீனால், அமைப்பில் வைட்டமின் ஈ-யின் தூரத்து உறவு. தன் ஹைட்ரஜன் அணுவைக் கொடுத்து வெறிகொண்ட மூலக்கூறைத் தணிக்கும். செவோஃப்ளூரேன், ஐசோஃப்ளூரேன் வாயுக்களின் வழி வேறு. கொஞ்சம் கலவரத்தை முன்கூட்டியே கிளப்பி செல்லைப் பழக்கிவிடுகின்றன, தடுப்பூசி மாதிரி. நைட்ரஸ் ஆக்சைடோ வைட்டமின் பி12-இன் கோபால்ட் அணுவை ஆக்சிஜனேற்றி முடக்குகிறது. சாப்பாட்டில் பி12 ஏற்கனவே குறைந்தவருக்கு இது வெறும் வேதியியல் அல்ல.

அப்படியானால் எந்த மருந்து நல்லது? ரத்தத்தில் அளந்த குறியீடுகள் ஒன்று சொல்கின்றன, மனிதர்களின் கதி இன்னொன்று சொல்கிறது. இதய ரத்தக்குழாய் அறுவை செய்துகொண்ட 5,400 பேரிடம் வாயு மயக்கத்தையும் நரம்பு வழி மயக்கத்தையும் ஒப்பிட்டார்கள். 2019இல் முடிவு வந்தது: ஓராண்டு இறப்பில் வித்தியாசமில்லை. நெதர்லாந்தின் குரோனிங்கனில் உயிருள்ள கொடையாளர்-பெறுநர் 60 ஜோடிகளிடம் செய்த ஆய்வு 2017இல் வெளிவந்தது. இரண்டாம் நாள் சிறுநீரில் சேதக் குறியீடு செவோஃப்ளூரேன் பிரிவில் அதிகம். ஆனால் ஈராண்டில் உறுப்பு நிராகரிப்பு அங்கேதான் குறைவு. மூலக்கூறின் கணக்கும் ஆளின் கணக்கும் ஒன்றல்ல.

இந்த ஆய்வுகளின் சொல்லாடலில் மையம் எது? பதியப்பட்ட உறுப்பு. அது 'பாதுகாக்கப்படுகிறது'. அதைக் கொடுத்த உடல் பெரும்பாலும் விளிம்பில் நிற்கிறது.

2001இல் சென்னையில் சிறுநீரகம் விற்ற 305 பேரைச் சந்தித்து எழுதிய ஆய்வு 2002இல் அமெரிக்க மருத்துவ சங்க இதழில் வந்தது. 96 சதவீதம் பேர் விற்றது கடனை அடைக்க. பிறகு குடும்ப வருமானம் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. முக்கால்வாசிப் பேருக்குக் கடன் தீரவேயில்லை. 86 சதவீதம் பேர் உடல்நலம் கெட்டதாகச் சொன்னார்கள்.

பள்ளிப்பாளையம், குமாரபாளையம் தறிப்பட்டறைகளில் முன்பணத்துக்குப் பெயர் 'பாக்கி'. பாக்கி இருக்கும்வரை அந்த முதலாளியின் தறிதான். இதை கீர்ட் டி நீவ் 1999இலேயே விரிவாக எழுதியிருக்கிறார். 2025இல் பள்ளிப்பாளையம் விசைத்தறித் தொழிலாளர்களின் சிறுநீரக விற்பனை வெளியே வந்தது. இரண்டு தனியார் மருத்துவமனைகளின் மாற்று அறுவை உரிமத்தில் அரசு கைவைத்தது. உயர்நீதிமன்ற மதுரைக் கிளை சிறப்புப் புலனாய்வுக் குழு அமைக்க உத்தரவிட்டது. 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி உறவல்லாதவர் அன்பு, பற்று அல்லது வேறு சிறப்புக் காரணத்தால் உறுப்பு தரலாம், அதற்கும் அங்கீகாரக் குழு ஒப்ப வேண்டும். அதாவது தறிப்பட்டறையின் பாக்கி, குழுவின் காகிதத்தில் அன்பு என்று மொழிபெயர்க்கப்படுகிறது.

'ஒண்ணு போனா இன்னொண்ணு இருக்குல்ல' என்பது தரகுப் பேச்சு. இருக்கிற ஒன்றுதான் இனி இரண்டின் பாரத்தையும் சுமக்கணும். நல்ல சாப்பாடும், ரத்த அழுத்தம், கிரியேட்டினின் வருஷாவருஷம் பார்க்கும் வசதியும் உள்ளவருக்கு அது பெரும்பாலும் தாங்கும். ராத்திரி ஷிப்ட்டில் பஞ்சுத் தூசைச் சுவாசித்து, ரத்தசோகையோடு மேஜையேறியவரின் காவல் கையிருப்பு முதலிலேயே வற்றிக் கிடக்கிறது. புரோப்போஃபாலா செவோஃப்ளூரேனா என்ற கேள்வி அவர் விஷயத்தில் சின்னக் கேள்வி.

மருந்தைப் பற்றிய ஆராய்ச்சி வேண்டாம் என்பதல்ல வாதம். வேண்டும்தான். அதோடு கொடுத்தவரின் உடம்பையும் ஆயுள் முழுக்க அளந்து பதிவு செய்யச் சொல்லிக் கேட்க வேண்டும். விற்றவர் என்று குற்றவாளிக் கூண்டில் ஏற்றினால் அவர் எந்த அரசு மருத்துவமனை வாசலையும் மிதிக்க மாட்டார். மயக்கம் தெளிந்தவரிடம் 'வலிக்குதா?' என்று கேட்பதோடு மருத்துவம் நிறுத்திக்கொள்கிறது. பாக்கி எவ்வளவு என்று கேட்பதும் நோயறிதலில் சேரணும்.