கழுத்துக் கருமை அழுக்கல்ல

"பிடரி இப்படிக் கறுத்திருக்கிறதே, ஒழுங்காகக் குளிப்பதில்லையா?" என்று பிள்ளைகளைக் கடிந்துகொள்ளும் பெற்றோர் நம்மில் பலர். பீர்க்கங்காய் நாரும் எலுமிச்சையும் போட்டுத் தேய்த்தால் தோல் புண்ணாகும்; கருமை போகாது.

கழுத்து, அக்குள், தொடை இடுக்கு ஆகிய இடங்களில் தோல் கறுத்து, தடித்து, வெல்வெட் துணி போல் இருந்தால் மருத்துவர்கள் அதை 'அகாந்தோசிஸ் நைக்ரிகன்ஸ்' என்கிறார்கள். பெரும்பாலும் இன்சுலின் உடலில் சரியாக வேலை செய்யாததே காரணம். அதை ஈடுகட்ட கணையம் இன்னும் அதிகமாக இன்சுலினைச் சுரக்கிறது. மிகுந்துபோன இன்சுலின் தோல் செல்களை அளவுக்கு மீறி வளரச் செய்கிறது. இரத்தத்தில் சர்க்கரை ஏறும் முன்பே இந்தக் கருமை தெரியக்கூடும்.

2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வு, இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவும், 13.6 கோடிப் பேருக்கு அதற்கு முந்தைய நிலையும் இருப்பதாக மதிப்பிட்டது. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலைகளுக்கு ஷிஃப்ட் வேலைக்குச் செல்லும் பிள்ளைகள் உள்ள வீடுகள் இதில் கூடுதல் கவனம் செலுத்த வேண்டும். இரவுப் பணி, தூக்கக் குறைவு, நேரம் தவறிய சாப்பாடு ஆகியவை இன்சுலின் கோளாறை அதிகப்படுத்தும்.

பெண்களுக்குக் கருமையுடன் முகவாயில் முடி, அடங்காத பருக்கள், தள்ளிப்போகும் மாதவிடாய் ஆகியவையும் இருந்தால் பி.சி.ஓ.எஸ். ஆக இருக்கலாம். களா நோன்புக்காக மாதவிடாய் நாட்களைக் குறித்து வைக்கும் சகோதரிகள் அந்தக் குறிப்பையே மருத்துவரிடம் காட்டலாம். அவருக்கு அது பெரிய உதவி.

வேறு சில அடையாளங்களும் உண்டு. தோல் வறட்சி, முடி கொட்டுதல், குளிர் தாங்காமை ஆகியவை தைராய்டு குறைவால் வரலாம். உள்ளங்கை ரேகைகளும் ஈறுகளும் கறுத்து, உடல் மெலிந்து சோர்ந்தால் அட்ரீனல் சுரப்பியைச் சோதிக்க வேண்டும். பெரியவர்களுக்குத் திடீரெனக் கருமை பரவி எடையும் குறைந்தால் தாமதிக்கவே கூடாது.

பெண் பார்க்க வருகிறார்கள் என்று கடையில் கேட்டு வாங்கும் வெளுப்புக் கிரீம் தீர்வல்ல. சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். அது தோலை மெலியச் செய்யும். வெறும் வயிற்றுச் சர்க்கரை, ஹெச்பிஏ1சி, தைராய்டு பரிசோதனைகள் தேவையா என்று மருத்துவரிடம் கேளுங்கள். ஹெச்பிஏ1சி 5.7 முதல் 6.4 வரை இருந்தால் அது எச்சரிக்கை நிலை. அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் சர்க்கரைப் பரிசோதனை இலவசம்.

கூடுதல் எடை உள்ளவர்கள் அதில் 5 முதல் 10 சதவீதம் குறைத்தாலே இன்சுலின் சீராகத் தொடங்கும். பிறகு கருமையும் மாதக்கணக்கில் மெல்ல மங்கும், இன்ஷா அல்லாஹ். அதுவரை பிள்ளையின் கழுத்தைக் கேலி பேசாமல், கைபிடித்து மருத்துவரிடம் அழைத்துச் செல்வோம்.